படத்தின் முதல் இரண்டு நிமிடம்

டண்... டண்... டகடண்!

ஒரு காலத்தில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பழைய பிள்ளைக் காம்பராவின் தகரக் கூரை நடுங்கியது. கூரைக்குள் ஒதுங்கியிருந்த புறாக்கள் படபடவென்று வெளியே பறந்தன. கமராவைப் பிடித்துக்கொண்டிருந்த றஷீனா ஓர் அடி பின்னால் துள்ளினாள்.

"அல்லாஹ், என்ன சத்தம்டா இது" என்றாள். "ஒரு காதால புகுந்து மத்தக் காதால வருது."

இந்திரஜித் தப்பு மேளத்தை நெஞ்சோடு அணைத்தபடி சிரித்தான். "இப்பத்தான் தோலு பேசுது. காலையில குளிர்ல வெறைச்சுப் போய்க் கெடந்துச்சு."

"நிறுத்தாத, அடி" என்றாள் பிரஷாந்தினி. "றஷீனா, சிவப்பு லைட் எரியுதா? எடு, எடு."

மூவரும் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பத்தாம் வகுப்பு. ஊடகப் பாடத்துக்காக ஒவ்வொரு குழுவும் ஒரு படத்தின் தொடக்கத்தை எடுத்துக் காட்ட வேண்டும். முழுப் படம் வேண்டாம், முதல் இரண்டு நிமிடம் போதும். பாடம் சொல்லித் தருபவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சேந்தன் சேர்.

"முதல் ரெண்டு நிமிசத்துக்கை பாக்கிற சனம் கதிரையில நிமிர்ந்து இருக்கோணும்" என்று அவர் சொல்லியிருந்தார். "படத்தைக் கண் மட்டுமே பாக்குது? காதும் பாக்குது. சத்தத்தை யோசியுங்கோ பிள்ளையள்."

பிரஷாந்தினி ராப்பகலாகச் சத்தத்தை யோசித்தாள்.

லுணுகலை பஜாரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜுனைதீன், றஷீனாவின் மாமா. கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் கமராவை அவர் ஒருநாள் மட்டும் தந்திருந்தார். "கீழ விழுந்தா நீயும் வீட்டுக்கு வராத" என்று சொல்லித்தான் தந்தார். அதனால் றஷீனா அதைக் கைக்குழந்தையைப் போலப் பிடித்திருந்தாள்.

படத்தின் கதை அவர்களுக்கு வெளியே தேட வேண்டியதாக இருக்கவில்லை. போன வருட மழையில் பள்ளத்திலிருக்கும் பணிய லயத்து வீட்டு வரிசைக்கு மேலே மண் சரிந்தது. கடைசி இரண்டு காம்பராக்களையும், உள்ளே தூங்கிய நான்கு பேரையும் கொண்டுபோனது. அந்த நால்வரில் ஒருத்தி ஆர்த்திகா; அவள் அம்மா அன்று பக்கத்து லயத்தில் இருந்ததால் பிழைத்தாள். ஆர்த்திகா வகுப்பில் பிரஷாந்தினிக்கும் றஷீனாவுக்கும் நடுவில் உட்கார்ந்தவள். அவள் இருந்த இடத்தில் இப்போதும் யாரும் உட்காருவதில்லை.

படத்தின் பெயர் 'ஆர்த்திகா'. தொடக்கத்தில் பனிமூட்டம் மட்டும் தெரியும். ஒன்றும் புரியாது. பிறகு தப்புச் சத்தம் வரும். சாவு அடி.

தோட்டத்தில் யாராவது இறந்தால் வீடு வீடாகப் போய்ச் சொல்வதில்லை. தப்பு சொல்லும். அந்த அடி கேட்டால் மலையில் கொழுந்து பறிப்பவர்கள் கையிலிருக்கும் கொழுந்தைக் கூடையில் போட்டுவிட்டு இறங்கி வந்துவிடுவார்கள். வேலை வாங்கும் கங்காணியும் தடுக்க மாட்டார். சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

தெரிந்தும் எப்படி மறந்தார்கள்?

காலையில் இந்திரஜித் உரப்பைக்குள் ஒளித்துத் தப்பைக் கொண்டுவந்தான். அவன் அப்பாதான் தோட்டத்தில் சாவுக்கும் சாமிக்கும் தப்படிப்பவர். தப்பைக் கையில் கண்டால் பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஏதாவது சொல்வார்கள் என்று அவனுக்குக் கூச்சம். முதலில் அடித்தபோது நனைந்த காட்போட் பெட்டியைத் தட்டுவதுபோல் தொப்பு தொப்பு என்றது. மலையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சத்தம் கமராவிலும் ஏறவில்லை.

"இதக் கேட்டா சேர் கதிரையில நிமிர மாட்டார், தூங்குவார்" என்றாள் றஷீனா.

அதன் பிறகுதான் இந்திரஜித் தேயிலைச் செடியில் வெட்டிக் காய்ந்த மிலாறுக் குச்சிகளைக் கொளுத்தித் தப்பைத் தீயில் காட்டினான். தோல் இறுகியது. சத்தம் மாறியது. அது எவ்வளவு தூரம் போகும் என்று மூவரில் ஒருவரும் நினைக்கவில்லை.

டண்... டண்... டகடண்!

பிரஷாந்தினி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான்கு சவப்பெட்டிகளும் வரிசையாகப் போன அந்த நாள் அப்படியே திரும்பி வந்தது. இதுதான், இதுதான் என்று நினைத்தாள்.

"பிரஷா" என்றாள் றஷீனா. அவள் கமராவை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தாள். "அங்க பாரு. பனி வெலகுது, நல்லா இருக்குன்னு எடுத்தேன். ஆனா அந்த ஆக்கள் ஏன் எல்லாரும் கீழ வாறாங்க?"

பிரஷாந்தினி எட்டிப் பார்த்தாள்.

எதிர் மலையில் பெண்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. கங்காணி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

அவர்கள் யாருக்காக வருகிறார்கள் என்று அவளுக்கு உறைத்தது.

தோட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பது ஒரே ஒருவர்தான். அவளுடைய அப்பா ஜெயராசா. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்கி, பதுளை ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தார். போன மாதம் டொக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, விரும்பினதச் சாப்பிடக் குடுங்க" என்று அனுப்பிவிட்டார். பிரஷாந்தினிக்கு ஒரே சந்தோஷம். அம்மாதான் அன்று பஸ்ஸில் லுணுகலை வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"நிறுத்து" என்றாள் பிரஷாந்தினி. "இந்திரஜித், நிறுத்து. அப்பா செத்துட்டாருன்னு நெனைச்சு வர்றாங்க."

இந்திரஜித்தின் கை அந்தரத்தில் நின்றது.

மலையில் இறங்கும் வரிசையிலிருந்து ஓர் உருவம் மட்டும் பிரிந்தது. தலையில் நீலக் கட்டம் போட்ட துணி. அப்பாவின் பழைய சாரத்தைக் கிழித்து அம்மா தலையில் கட்டிக்கொள்ளும் துணி. அம்மா பாதையை விட்டாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே விழுந்தடித்து நேராக ஓடினாள். சரிவை நோக்கி ஓடினாள்.

போன வருடம் இடிந்த இடம் இன்னும் ஆறவில்லை. சுற்றிலும் கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். மேலே புல் முளைத்து நல்ல நிலம்போலத் தெரியும். அடியில் வெறும் சேறு.

பிரஷாந்தினிக்கு அது நன்றாகத் தெரியும். காலையில் அந்த இடத்துக்காகத்தான் அம்மாவோடு சண்டை.

"அந்தச் சரிவுப் பக்கம் போவக் கூடாது" என்று அம்மா கூடையை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஆர்த்திகா படத்தை வேற எங்க எடுக்கிறதாம்? போவேன். அங்கதான் போவேன்" என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்துகொண்டு வந்தாள். கயிறு வரைக்கும் போனாள்தான். இந்திரஜித் ஒரு நீளக் குச்சியைப் புல்லில் குத்தினான். குச்சி முழுசாக உள்ளே போய் மறைந்தது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சரிவுக்கு எதிர்ப்பக்க மேட்டிலிருக்கும் இந்தப் பழைய பிள்ளைக் காம்பராவுக்கு வந்துவிட்டார்கள்.

இப்போது அம்மா அந்தக் கயிற்றை நோக்கித்தான் வருகிறாள். லயத்துக்குக் குறுக்கு வழி அதுதான்.

"அம்மா!" பிரஷாந்தினி ஜன்னலில் நின்று கத்தினாள். பனி அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டது. மறுபடி கத்தினாள். அம்மா திரும்பவில்லை.

கத்தினால் கேட்காது. தப்புச் சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது.

"இந்திரஜித், சாமி அடி அடி. தேருக்கு அடிக்கிறத அடி."

"ஐயோ, நான் மாட்டேன்" என்றான் அவன். "சாவு அடிச்ச கையோட சாமி அடி அடிக்கக் கூடாது. அப்பா தோல உரிச்சுருவாரு."

"சாவு வீட்டுல யாராவது தேர் அடி அடிப்பாங்களா? அதக் கேட்டாத்தான் நிப்பாங்க. அடிடா. வாங்குற ஏச்சு எல்லாம் எனக்கு."

இந்திரஜித் தப்பை எடுத்துக்கொண்டு வெளியே மேட்டில் போய் நின்றான். உரப்பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த அதே தப்பை, தோட்டம் முழுக்கப் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்து அடிக்க ஆரம்பித்தான்.

பிரஷாந்தினி அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டாள். முள்ளும் தண்ணீர்க் கானும் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் தேர் அடி துள்ளித் துள்ளி எழுந்தது. எதிர் மலையில் இறங்கிக்கொண்டிருந்த பெண்கள் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கங்காணி தொப்பியைத் தலையில் வைத்தார், பிறகு திரும்பக் கழற்றினார். எது சரியென்று அவருக்கே தெரியவில்லை.

அம்மாவும் நின்றாள். ஆனால் அதற்குள் கயிற்றைத் தாண்டியிருந்தாள்.

நின்ற இடம் மெல்ல அமுங்கியது. கணுக்கால், பிறகு முழங்கால். கூடை தோளிலிருந்து நழுவிச் சரிவில் உருண்டது. உருண்டு, உருண்டு, கீழே ஓடைக்குள் விழுந்தது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

பிரஷாந்தினி சரிவின் கீழ்ப்பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே பாய வேண்டும்போல் இருந்தது. இந்திரஜித்தின் குச்சி நினைவுக்கு வந்தது. பாயவில்லை.

"அம்மா, அசையாத. அப்படியே இரு."

அம்மா தலையை நிமிர்த்தினாள். பேயைக் கண்டவள்போல் இவளைப் பார்த்தாள். அடுத்த கணம் சேற்றுக்குள் நின்றபடியே, "உள்ள வராத, அங்கேயே நில்லு, நில்லு" என்று கத்தினாள்.

மேல்பக்கம் பெண்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஒருத்தி கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே காலை வைத்தாள்.

"யாரும் எறங்காதீங்க, அடியில சேறு" என்று பிரஷாந்தினி கத்தினாள். "இடுப்பில இருக்கிற படங்குத் துணிய அவுத்து முடிச்சுப் போட்டு வீசுங்க."

மழைக்கும் செடிக்கும் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்குகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. முடிச்சு மேல் முடிச்சு விழுந்தது. கங்காணி ஒரு தேயிலைத் தூரில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தார். அம்மாவை மண் லேசில் விடவில்லை. ஒரு காலை விட்டது, மறு காலைப் பிடித்தது. கடைசியில் பெரிய மூச்சு விடுவதுபோல ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது.

எல்லோரும் பாதை வழியே சுற்றிக்கொண்டு லயத்துக்கு வந்தார்கள். பிரஷாந்தினி வாசலை ஒட்டிய இஸ்தோப்பில் நின்றாள். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தாள்.

அம்மா அடிக்கவில்லை. சேற்றுக் கையால் அவள் தலையைத் தடவினாள். தோளைத் தடவினாள். குனிந்து கால் இரண்டையும் பிடித்துப் பார்த்தாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். விழுந்து எழும்பியது அம்மா, என்னை ஏன் இப்படித் தடவிப் பார்க்கிறாள் என்று பிரஷாந்தினிக்குப் புரியவில்லை.

ஏச ஆரம்பித்தது கங்காணிதான்.

"எவன்டா சாவு அடிச்சது? இவன்தானே? ஒங்கப்பன் வரட்டும். உசிரோட இருக்கிற மனுசனுக்குத் தப்படிச்சியாடா?"

இந்திரஜித் தப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

பிரஷாந்தினி முன்னால் வந்தாள். "அவன ஏசாதீங்க. பாடத்துக்குப் படம் எடுத்தோம். அடிக்கச் சொன்னது நான். இன்னும் பலமா அடின்னதும் நான்தான். தேர் அடியும் நான்தான் அடிக்கச் சொன்னேன். அவன் மாட்டேன்னுதான் சொன்னான்."

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண், "தேர் அடி நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். "அப்பன் கைய விட மகன் கை பேசுது."

இந்திரஜித்தின் காது சிவந்தது.

அப்போது காம்பராவுக்குள்ளிருந்து இருமல் கேட்டது. "செத்தது யாரு, புள்ள?" என்று அப்பாவின் குரல்.

"யாரும் இல்லப்பா."

"அப்படியா" என்றார் அப்பா. மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "மொத அடி கேட்டதும் எனக்கே சந்தேகமாப் போச்சு. கையக் கிள்ளிப் பாத்துக்கிட்டேன்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்த வேகத்திலேயே ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"எழவு வீடுன்னு நெனைச்சு வந்துட்டோம்" என்றாள் இன்னொருத்தி. "வந்ததுக்கு ஒரு தேத்தண்ணியாவது ஊத்துடி."

பிரஷாந்தினி அடுப்பை மூட்டினாள். வீட்டில் இருந்த பெரிய சட்டி போதவில்லை. பக்கத்துக் காம்பராவில் வாங்கினாள். கோப்பைகளும் போதவில்லை. இரண்டு பேருக்கு ஒரு கோப்பை என்று ஊற்றினாள். கங்காணிக்கு மட்டும் தனிக் கோப்பை. அவர் குடித்து முடித்து, "சீனி கொறைச்சல்" என்றார். ஆனால் அவர் குரலில் முதலில் இருந்த சூடு இல்லை.

அவர்கள் மலைக்குத் திரும்பிய பிறகு லயம் அமைதியானது. அப்பா தூங்கிவிட்டார். இந்திரஜித் தன் அப்பாவிடம் தானே நடந்ததைச் சொல்லப் போனான். இம்முறை தப்பை உரப்பைக்குள் போடவில்லை, தோளில் மாட்டிக்கொண்டு போனான்.

றஷீனா மட்டும் இஸ்தோப்பு மூலையில் கமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"பிரஷா, ஒண்டு சொல்றேன், ஏசக் கூடாது" என்றாள். "பயத்துல கமராவ நிப்பாட்ட மறந்துட்டேன். எல்லாம் ஏறியிருக்கு."

இருவரும் சின்னத் திரைமேல் குனிந்தார்கள். வெள்ளைப் பனி. ஒன்றும் தெரியவில்லை. சாவு அடி மட்டும் கேட்டது. பனி விலகியது. மலையில் பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். அதிலிருந்து நீலத் துணி கட்டிய ஒருத்தி பிரிந்து ஓடினாள். விழுந்தாள், எழுந்தாள், ஓடினாள்.

"இதவிடத் தொடக்கம் நமக்குக் கெடைக்காது" என்றாள் றஷீனா மெதுவாக. "சேர் நிமிர்ந்து இருக்க மாட்டார், எழும்பியே நிப்பார்."

அது உண்மைதான். நடிக்கச் சொல்லி எடுத்தால் இப்படி வராது. ஆனாலும் திரையில் ஓடுவது பிரஷாந்தினியின் அம்மா.

"அம்மாகிட்ட கேக்கணும்" என்றாள். "வேணாம்னா அழிச்சிரணும். சம்மதமா?"

றஷீனா திரையை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

அம்மா அடுப்படியில் காலில் காய்ந்த சேற்றை வெந்நீரால் கழுவிக்கொண்டிருந்தாள். பிரஷாந்தினி பக்கத்தில் உட்கார்ந்து கமராவைக் காட்டினாள். அம்மா ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"இன்னொரு தரம் போடு" என்றாள்.

றஷீனா பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். திரைக்குள் சின்னஞ்சிறிய அம்மா மறுபடி பிரிந்து ஓடினாள்.

"அழிச்சிரவாம்மா?"

"எதுக்கு? ஆர்த்திகா புள்ளைக்குத்தானே எடுக்கிற. வச்சுக்க." அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவ அம்மாவும் அன்னிக்கு இப்படித்தான் ஓடியிருப்பா."

பிரஷாந்தினி வெந்நீரை அள்ளி அம்மாவின் காலில் ஊற்றினாள். "மன்னிச்சிரும்மா. அப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு எவ்வளவு பயந்திருப்ப. அதுக்காக அந்தச் சரிவுலயா ஓடி வருவ?"

அம்மா காம்பராவுக்குள் தூங்கும் அப்பாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அப்பாவுக்குன்னு நெனைச்சிருந்தா நடந்துதான் வந்திருப்பேன்டி. காலையில அந்தச் சரிவுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனது நீதானே."